மொபைல் சந்தை அறிக்கைகளை எப்படிப் படிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'இந்திய ஸ்மார்ட்போன் சந்தையில் இந்த நிறுவனம் முதலிடம்' என்று செய்தி வரும். அதே வாரத்தில் இன்னொரு செய்தி வேறு நிறுவனத்தை முதலிடத்தில் வைக்கும். செல்போன் கடை வைத்திருப்பவர்கள், எம்பிஏ ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்கள், பங்குச் சந்தையில் பணம் போடுபவர்கள் எல்லோருக்கும் இந்த எண்கள் தேவைப்படுகின்றன. ஆனால் அவற்றைப் படிக்கும் முறையை யாரும் சொல்லித் தருவதில்லை. அடிக்கடி காதில் விழும் கேள்விகளுக்கு, இந்தியச் சந்தையை வைத்தே இங்கே பதில் சொல்கிறேன்.

இந்த அறிக்கைகளை யார் வெளியிடுகிறார்கள்?

இந்திய ஸ்மார்ட்போன் கணக்கு என்றால் பெரும்பாலும் மூன்று பெயர்கள்தான் வரும்: ஐடிசி, கவுன்ட்டர்பாயின்ட், கனாலிஸ். கனாலிஸ் இப்போது ஓம்டியாவோடு சேர்ந்துவிட்டது. மூன்றுமே தனியார் ஆய்வு நிறுவனங்கள். போன் கம்பெனிகள், உதிரிபாகம் செய்பவர்கள், வங்கிகள், முதலீட்டு நிறுவனங்கள் ஆகியோருக்கு விரிவான தரவை விலைக்கு விற்பதுதான் இவர்கள் தொழில். செய்தித்தாளில் நாம் பார்ப்பது அந்தத் தரவிலிருந்து இலவசமாகக் கொடுக்கும் ஒரு பக்கச் சுருக்கம்.

டிராய் வெளியிடுவது வேறு வகை. அது அரசின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். அது எண்ணுவது போன்களை அல்ல, இணைப்புகளை. அதைத் தனியாகப் பார்ப்போம்.

கம்பெனிகளே எத்தனை போன் விற்றோம் என்று சொல்லிவிடாதா?

பெரும்பாலும் சொல்வதில்லை. ஐபோன் எத்தனை விற்றது என்று காலாண்டுதோறும் சொல்லிவந்த ஆப்பிள்கூட, இனிமேல் அந்த எண்ணைத் தரமாட்டோம் என்று 2018 நவம்பரில் அறிவித்துவிட்டது. வருமானத்தை மட்டும் சொல்கிறது. அதனால் நீங்கள் பார்க்கும் சந்தைப் பங்கு எல்லாமே மதிப்பீடுதான். கம்பெனி ஆட்களிடம் பேசி, டிஸ்ட்ரிபியூட்டர்களிடம் விசாரித்து, தொழிற்சாலை மற்றும் உதிரிபாகத் தகவல்களோடு ஒப்பிட்டு ஒரு எண்ணுக்கு வருகிறார்கள். பொறுப்பாகச் செய்யப்படும் மதிப்பீடு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் 15.8 சதவீதம் என்று புள்ளி வைத்து எழுதியிருப்பதைப் பார்த்து, அதைத் தராசில் நிறுத்த எண் போல எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய காலாண்டு எண்களைப் பிறகு திருத்துவதும் உண்டு. எனவே இரண்டு வருடத்துக்கு முந்தைய செய்தியில் இருந்த எண்ணையும் இன்றைய அறிக்கையில் இருக்கும் எண்ணையும் கழித்து வளர்ச்சி கணக்குப் போடாதீர்கள். வளர்ச்சி விகிதத்தை ஒரே அறிக்கையிலிருந்து எடுங்கள்.

'ஷிப்மென்ட்' என்று போடுகிறார்களே, அது விற்பனைதானே?

இல்லை. இது ஒன்று புரிந்தால் பாதி அறிக்கை புரிந்த மாதிரி.

ஒரு போன் உங்கள் கைக்கு வருவதற்குள் மூன்று முறை பில் ஆகிறது. கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டருக்கோ, ஆன்லைனில் விற்கும் பெரிய மொத்த நிறுவனத்துக்கோ அனுப்பும்போது ஒரு பில். அதைச் செல்-இன் என்பார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கடைக்காரருக்குக் கொடுக்கும்போது இன்னொன்று, அது செல்-த்ரூ. கடைக்காரர் உங்களுக்கு விற்கும்போது மூன்றாவது, அது செல்-அவுட். பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும், ஆனால் படிகள் இவைதான். ஷிப்மென்ட் கணக்கு முதல் படியில் எடுக்கப்படுவது.

திருச்சியில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் கடைசி வாரத்தில் கம்பெனி ஆள் வந்து, தீபாவளி ஸ்கீம் என்று சொல்லி 500 போன்களை இறக்குகிறார். அந்த 500 போன்களும் ஜூலை-செப்டம்பர் காலாண்டு ஷிப்மென்டில் சேர்ந்துவிடும். அவற்றில் ஒன்றைக்கூட இன்னும் யாரும் வாங்கவில்லை. தீபாவளிக்கு விற்றுப்போனால் நல்லது. போகாவிட்டால் ஜனவரி வரை குடோனில் இருக்கும். அப்போது அவர் புதுச் சரக்கு எடுக்கமாட்டார், அடுத்த காலாண்டு ஷிப்மென்ட் சரியும். 2023 ஜனவரி-மார்ச்சில் இந்தியாவில் 3.1 கோடி ஸ்மார்ட்போன்கள்தான் அனுப்பப்பட்டன, முந்தைய ஆண்டைவிட 16 சதவீதம் குறைவு என்று ஐடிசி சொன்னது. மக்களிடம் தேவை குறைந்தது ஒரு காரணம், முந்தைய சரக்கு தேங்கிக் கிடந்தது இன்னொரு காரணம்.

ஆகவே ஒரு காலாண்டில் ஷிப்மென்ட் எகிறினால் உடனே மகிழ வேண்டாம். அடுத்த காலாண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரே காலாண்டுக்கு மூன்று அறிக்கைகள் மூன்று விதமாகச் சொன்னால் எதை நம்புவது?

இதற்கு 2018 ஏப்ரல்-ஜூன் காலாண்டைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஷாவ்மியும் சாம்சங்கும் இந்தியாவில் முதலிடத்துக்கு முட்டிக்கொண்டிருந்த நேரம். ஐடிசி, ஷாவ்மி 29.7 சதவீதம், சாம்சங் 23.9 சதவீதம் என்றது. கவுன்ட்டர்பாயின்ட், சாம்சங் 29, ஷாவ்மி 28 என்றது. கனாலிஸோ, இரண்டுமே ஆளுக்கு 99 லட்சம் போன்கள், கிட்டத்தட்ட சமம் என்றது. நாளிதழ்கள் தங்களுக்குக் கிடைத்த ஒன்றை எடுத்துத் தலைப்புப் போட்டன.

சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையாக மாற்றிப் பாருங்கள். அந்தக் காலாண்டின் மொத்தச் சந்தை ஐடிசி கணக்கில் 3.35 கோடி. அதில் ஷாவ்மியின் 29.7 சதவீதம் என்றால் ஏறக்குறைய 99.5 லட்சம். கனாலிஸ் சொன்ன 99 லட்சத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது! சாம்சங்குக்குக் கணக்குப் போட்டால் ஐடிசியில் சுமார் 80 லட்சம், கனாலிஸில் 99 லட்சம். ஆக, சண்டை முழுவதும் சாம்சங்கின் எண்ணில்தான். ஷாவ்மி விஷயத்தில் கருத்து வேறுபாடே இல்லை.

ஏன் அப்படி? நான் புரிந்துகொள்வது இது. ஷாவ்மி அப்போது பெருமளவு ஆன்லைனில் விற்றுக்கொண்டிருந்தது. சில பெரிய வாசல்கள் வழியாகப் போகும் சரக்கை எண்ணுவது சுலபம். சாம்சங்கின் சரக்கு சிற்றூர்க் கடைகள் வரை பல கைகள் மாறிப் போவது. எந்தப் படியில் எண்ணினார்கள், எத்தனை டிஸ்ட்ரிபியூட்டர்களை விசாரித்தார்கள் என்பதற்கேற்ப அந்த எண் லட்சக்கணக்கில் மாறக்கூடும்.

இதற்குச் சில மாதங்கள் முன்புதான், 2017 கடைசிக் காலாண்டில் ஷாவ்மி சாம்சங்கை முந்திவிட்டது என்று கவுன்ட்டர்பாயின்டும் கனாலிஸும் சொல்லின. சாம்சங் அதை ஏற்கவில்லை. வாடிக்கையாளரிடம் போய்ச் சேரும் விற்பனையைக் கணக்கெடுக்கும் ஜிஎஃப்கே என்ற ஆய்வு நிறுவனத்தின் தரவைக் காட்டி, நாங்கள்தான் முதலிடம் என்றது. ஷிப்மென்டும் கடை விற்பனையும் வேறு வேறு அளவுகள் என்பதால், இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமான அளவைப் பிடித்துக்கொள்ள முடிந்தது.

எதை நம்புவது என்ற கேள்விக்கு என் பதில்: ஏதாவது ஒரு நிறுவனத்தின் அறிக்கையைத் தொடர்ந்து இரண்டு வருடம் படியுங்கள். அவர்கள் முறை ஒரே மாதிரி இருப்பதால் ஏற்ற இறக்கம் சரியாகத் தெரியும். முதலிடம் யாருக்கு என்பதில் மூன்று பேரும் ஒத்துப்போகாவிட்டால், இரண்டு கம்பெனிகளும் நெருக்கமாக இருக்கின்றன என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அறிக்கையில் இரண்டாம் இடத்தில் இருக்கும் கம்பெனி இன்னொன்றில் ஐந்தாம் இடத்தில் இருக்கிறதே?

துணை பிராண்டுகளைப் பாருங்கள். 2024 ஜூலை-செப்டம்பரில் கவுன்ட்டர்பாயின்ட், கனாலிஸ் இரண்டும் ஷாவ்மிக்கு ஏறத்தாழ 17 சதவீதம் கொடுத்து இரண்டாம் இடத்தில் வைத்தன. ஐடிசி பட்டியலில் ஷாவ்மி 11.4 சதவீதத்தோடு ஐந்தாவது. கொஞ்சம் கீழே போனால் ஷாவ்மியின் துணை பிராண்டான போக்கோ 5.8 சதவீதம் என்று தனி வரியில் இருக்கும். இரண்டையும் கூட்டினால் 17.2. வித்தியாசம் தீர்ந்தது. விவோவும் அப்படித்தான்: அதன் துணை பிராண்டான ஐக்யூவை ஐடிசி தனியாக எழுதும்.

இரண்டுமே சரியான கணக்குதான். உதிரிபாகம் சப்ளை செய்பவருக்குக் கூட்டிய எண் வேண்டும், ஏனென்றால் கொள்முதல் ஒரே இடத்தில் நடக்கிறது. கடைக்காரருக்குப் பிரித்த எண் வேண்டும், ஏனென்றால் அவரிடம் போக்கோ கேட்டு வருபவர் வேறு ஆள். அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பில்தான் இது இருக்கும். செய்தியாக வரும்போது அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடுகிறது. முடிந்தவரை மூல அறிக்கையைத் தேடிப் படியுங்கள்.

எண்ணிக்கைப் பங்கு, மதிப்புப் பங்கு: எது முக்கியம்?

அதே 2024 காலாண்டில் கவுன்ட்டர்பாயின்ட் கணக்குப்படி எண்ணிக்கையில் முதலிடம் விவோ, சுமார் 19 சதவீதம். ரூபாய் மதிப்பில் முதலிடம் சாம்சங், 22.8 சதவீதம், அடுத்து ஆப்பிள், 21.6 சதவீதம். எண்ணிக்கையில் முதல் ஐந்துக்குள்ளேயே வராத ஆப்பிள், பணத்தில் இரண்டாம் இடம். சர்வீஸ் சென்டர் வைப்பவர், கவர், டெம்பர்டு கிளாஸ் விற்பவர் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். லாபத்தைக் கணிப்பவர், பங்கு வாங்குபவர் மதிப்பைப் பார்க்க வேண்டும்.

'86 சதவீத வளர்ச்சி' என்றெல்லாம் வருகிறதே, அவ்வளவு வளர முடியுமா?

முடியும், எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று பார்த்தால். 2021 ஏப்ரல்-ஜூனில் இந்தியச் சந்தை 86 சதவீதம் வளர்ந்தது என்று ஐடிசி சொன்னது உண்மைதான். அனுப்பப்பட்டவை 3.4 கோடி. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டின் அதே காலாண்டு 2020 ஊரடங்குக் காலம்; கடைகளும் தொழிற்சாலைகளும் மூடிக்கிடந்து 1.82 கோடிதான் போயிருந்தது. 2019-இன் அதே காலாண்டில் 3.69 கோடி. அதோடு ஒப்பிட்டால் 2021 கிட்டத்தட்ட 8 சதவீதம் குறைவு! ஒரே எண்ணை வைத்து வளர்ச்சி என்றும் சொல்லலாம், வீழ்ச்சி என்றும் சொல்லலாம்.

பண்டிகைக் காலத்துக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். நவராத்திரி, தீபாவளி ஆன்லைன் தள்ளுபடி விற்பனைக்கான சரக்கு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே கிளம்பிவிடும். அதனால் மூன்றாம் காலாண்டு (ஜூலை-செப்டம்பர்) உப்பும், நான்காம் காலாண்டு (அக்டோபர்-டிசம்பர்) இறங்கும். தீபாவளி அக்டோபரில் வருகிறதா நவம்பர் நடுவில் வருகிறதா என்பதற்கேற்ப இந்தச் சரக்கு இரண்டு காலாண்டுகளுக்கு இடையே நகரும். முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டு 'சந்தை சரிந்தது' என்று எழுதும் செய்திகளை நான் பொருட்படுத்துவதில்லை. முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட வேண்டும். முடிந்தால் முழு ஆண்டைப் பார்க்க வேண்டும்.

முழு ஆண்டாகப் பார்த்தால் இந்தியச் சந்தை எப்படி இருக்கிறது?

ஐடிசி எண்களை மட்டும் வைத்துச் சொல்கிறேன். 2021-இல் 16.1 கோடி போன்கள். 2022-இல் 14.4 கோடி, 2023-இல் 14.6 கோடி, 2024-இல் 15.1 கோடி. மூன்று வருடம் கழித்தும் 2021-ஐத் தொடவில்லை. ஆனால் ஒரு போனின் சராசரி விலை 2022-இல் 224 டாலராக இருந்தது 2024-இல் 259 டாலராகிவிட்டது. மக்கள் போனை அதிக காலம் வைத்துக்கொள்கிறார்கள். மாற்றும்போது இஎம்ஐ போட்டு விலை கூடியதை வாங்குகிறார்கள். பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழே நல்ல போன் தேடி வருபவருக்குத் தேர்வுகள் சுருங்கிவிட்டன. இந்த ஒரு நகர்வைக் கவனித்தாலே கடந்த சில வருட அறிக்கைகள் பலவும் விளங்கிவிடும். எனக்கு இதில் வருத்தமும் உண்டு: இன்னும் பட்டன் போனில் இருப்பவர் ஸ்மார்ட்போனுக்கு மாறும் படி உயர்ந்துகொண்டே போகிறது.

சராசரி விலை என்பதையும் பார்த்துக் கையாளுங்கள். ஐபோன்கள் சில லட்சம் கூடினாலே சராசரி ஏறிவிடும். பெரும்பாலானோர் வாங்கும் விலை அது அல்ல.

'பிரீமியம் பிரிவு வளர்கிறது' என்றால் எந்த விலை?

ஆளுக்கொரு கோடு. கவுன்ட்டர்பாயின்ட் 30,000 ரூபாய்க்கு மேல் போனாலே பிரீமியம் என்று எழுதும். ஐடிசி 600 டாலரிலிருந்து, அதாவது அதைவிட ஏறக்குறைய 20,000 ரூபாய் அதிகத்திலிருந்து தொடங்கும். விலைக்கோடு தெரியாமல் இரண்டையும் ஒரே பத்தியில் எழுதாதீர்கள்.

ஐந்து வருடத்துக்கு முன்கூட்டியே கணிப்பு சொல்கிறார்களே, நம்பலாமா?

2011 மார்ச்சில் ஐடிசி ஒரு கணிப்பு வெளியிட்டது. 2015-இல் உலக அளவில் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் 20.9 சதவீதப் பங்கோடு ஆண்ட்ராய்டுக்கு அடுத்த இடத்தில் இருக்கும், ஐபோன் அதற்குக் கீழே 15.3 சதவீதத்தில் இருக்கும் என்றது. அடுத்த மாதமே கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனமும் விண்டோஸுக்கு 19.5 சதவீதம் சொன்னது. 2015 வந்தபோது விண்டோஸ் போனின் பங்கு 3 சதவீதத்துக்கும் கீழே. அந்த ஆண்டு ஜூலையில், நோக்கியாவின் போன் பிரிவை வாங்கியதில் 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதிக்கொண்டது மைக்ரோசாஃப்ட்.

அவர்கள் ஏனோதானோ என்று சொல்லவில்லை. நோக்கியாவும் மைக்ரோசாஃப்டும் 2011 பிப்ரவரியில் கைகோத்தன. நோக்கியாவின் பழைய சிம்பியன் மென்பொருளில் ஓடிய போன் வைத்திருந்த கோடிக்கணக்கானோர் அடுத்த போனையும் நோக்கியாவிலேயே வாங்குவார்கள் என்று எடுத்துக்கொண்டால் அந்த எண் வந்துவிடும். மக்கள் அப்படிச் செய்யவில்லை, செயலிகள் இருந்த பக்கம் போய்விட்டார்கள். கணிப்பைப் படிக்கும்போது முடிவு எண்ணை மூடிவைத்துவிட்டு, எதை உண்மை என்று எடுத்துக்கொண்டு இந்தக் கணக்கைத் தொடங்கினார்கள் என்று தேடுங்கள். அது எழுதப்படாத கணிப்பு எனக்குப் பயன்படுவதில்லை.

'2032-க்குள் இத்தனை பில்லியன் டாலர், சிஏஜிஆர் இத்தனை சதவீதம்' என்று இணையத்தில் குவியும் அறிக்கைகள்?

மாணவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். (சிஏஜிஆர் என்றால் கூட்டு ஆண்டு வளர்ச்சி விகிதம்.) மொபைல் கவர் முதல் சார்ஜர் வரை எதற்கு வேண்டுமானாலும் இப்படி ஒரு அறிக்கை இருக்கும். யார் எழுதியது, எந்த நாட்டில் யாரிடம் கேட்டது என்று ஒன்றும் இருக்காது. ஒரே பொருளுக்கு இரண்டு இடத்தில் தேடிப் பாருங்கள், மொத்தச் சந்தை அளவே இரண்டு மடங்கு வித்தியாசப்படும். ப்ராஜெக்டில் மேற்கோள் காட்ட இவை வேண்டாம். டிராய் அறிக்கை, நிறுவனங்கள் பங்குச் சந்தைக்குத் தரும் காலாண்டு முடிவுகள் இரண்டும் இலவசம், பொறுப்பேற்கும் ஆளும் உண்டு.

டிராய் அறிக்கையில் என்ன பார்க்க வேண்டும்?

மாதந்தோறும் வரும் சந்தாதாரர் அறிக்கையில் எல்லோரும் மொத்த எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள். அது சிம்களின் எண்ணிக்கை; ஆட்களின் எண்ணிக்கை அல்ல. இரண்டு சிம் போட்டிருப்பவர் இரண்டாக எண்ணப்படுவார். அதற்குக் கீழே விஎல்ஆர் என்று ஒரு அட்டவணை இருக்கும். உண்மையில் நெட்வொர்க்கில் உயிரோடு இருக்கும் இணைப்புகள் அதில் தெரியும். ஏர்டெல்லில் கிட்டத்தட்ட எல்லா இணைப்புகளும் உயிரோடு இருப்பவை. பிஎஸ்என்எல்லில் பெரிய பங்கு செயல்படாமல் கிடப்பவை. தமிழ்நாடு வட்டத்துக்கும் தனி வரி உண்டு, சென்னையும் அதில் அடக்கம்.

2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தின. அந்த ஒரே மாதத்தில் பிஎஸ்என்எல்லுக்குச் சுமார் 29 லட்சம் இணைப்புகள் கூடின. ஏர்டெல் சுமார் 17 லட்சம், வோடஃபோன் ஐடியா சுமார் 14 லட்சம், ஜியோ 7 லட்சத்துக்கு மேல் இழந்தன. தனியார் அடி வாங்கிவிட்டது என்று எல்லோரும் பேசினோம். ஆனால் அந்தச் செப்டம்பர் காலாண்டு முடிவில் ஜியோவின் சந்தாதாரர்கள் ஒரு கோடிக்கு மேல் குறைந்திருந்தும், ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதம் கிடைக்கும் சராசரி வருவாய் 181.7 ரூபாயிலிருந்து 195.1 ரூபாய்க்கு ஏறியிருந்தது. போனவர்களில் பலர் இரண்டாவது சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டவர்கள். சந்தாதாரர் எண்ணையும் சராசரி வருவாயையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

ஸ்ரீபெரும்புதூரில் செய்யும் போன்கள் இந்தக் கணக்கில் வருமா?

இந்தியாவுக்குள் விற்பனைக்குப் போவது மட்டும் இந்திய ஷிப்மென்டில் வரும். அங்கே ஃபாக்ஸ்கான் செய்யும் ஐபோன்களில் வெளிநாட்டுக்குக் கப்பலேறுபவை அந்தந்த நாட்டுக் கணக்கில் சேரும். எனவே உற்பத்தி ஏறுவதும் உள்நாட்டுச் சந்தை தேங்குவதும் ஒரே நேரத்தில் நடக்கலாம், நடந்துகொண்டும் இருக்கிறது. அங்கே வேலை தேடுபவர் பார்க்க வேண்டியது ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தை, சந்தைப் பங்கை அல்ல.

ஒரு சிறிய ஊரில் கடை வைத்திருக்கிறேன். எனக்கு இதெல்லாம் எதற்கு?

அகில இந்தியப் பங்கு உங்கள் தெருவைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆன்லைன் விற்பனையும் அதில் கலந்திருக்கிறது. உங்களுக்கு உதவுவது விலைப் பிரிவு எந்தப் பக்கம் நகர்கிறது என்ற பகுதி. அதை எடுத்து, போன வருடத்து உங்கள் பில்களை விலைவாரியாகப் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் கடையும் அதே பக்கம் நகர்ந்தால் இஎம்ஐ வசதிக்கும் மேல் விலை மாடல்களுக்கும் இடம் கொடுங்கள். நகராவிட்டால் உங்கள் பில்தான் சரி.

அப்புறம், கம்பெனி ஆள் ஒரு வண்ண விளக்கப்படத்தைக் காட்டி, நாங்கள்தான் நம்பர் ஒன், இந்த மாதம் ஐம்பது பீஸ் எடுங்கள் என்பார். இது எந்தக் காலாண்டு, கடைக்கு அனுப்பியதா வாடிக்கையாளர் வாங்கியதா, தமிழ்நாட்டுக்கு மட்டும் எவ்வளவு என்று கேளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரிடம் அந்த மாடல் எத்தனை நாள் சரக்கு இருக்கிறது என்றும் கேளுங்கள். விலை குறைந்தால் கையில் இருக்கும் பீஸுக்கு வித்தியாசத் தொகையை எத்தனை நாளில் தருவார்கள் என்பதை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு ஆர்டர் போடுங்கள்.